பதிவேட்டுக்கு அப்பால் ஒரு மருந்து

தெல்தெனியவில் ஒரு பாமசியிலே மருந்து வாங்கி வீடு திரும்பும் ஒருவர், பெட்டிக்குள் இருக்கும் விளக்கத்தாளைப் படித்துத் திகைப்பதுண்டு. அவருடைய நோயின் பெயர் அதில் இராது. வைத்தியர் தவறிவிட்டாரோ, மருந்தாளர் மாற்றித் தந்துவிட்டாரோ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

இலங்கையில் மருந்துகளின் பதிவு, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றை முன்னர் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்கு செய்தது; இப்போது அதன் இடத்தில் வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்கு செய்கின்றது. இன்ன நோய்க்கு இன்ன அளவு என்று சான்று காட்டியே ஒரு மருந்து பதிவு பெறுகின்றது. ஆயின், மருத்துவ அறிவு பதிவேட்டோடு நின்றுவிடுவதில்லை. வலிக்கும் காய்ச்சலுக்கும் 1899இல் வந்த அஸ்பிரின், பின்னாளில் மாரடைப்பைத் தடுக்கவும் பயன்பட்டது. பெரியவர்களிடம் மட்டுமே சோதிக்கப்பட்ட பல மருந்துகளைக் குழந்தை வைத்தியர்கள் அளவறிந்து வழங்க நேருகின்றது.

இதில் ஆபத்து இல்லையா? உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்கப்பட்ட தாலிடோமைட், கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. 1961இல் அது மீட்டுக்கொள்ளப்படுவதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் குறையுற்ற உறுப்புகளுடன் பிறந்தன. அடுத்த ஆண்டே அமெரிக்கா தன் மருந்துச் சட்டத்தை இறுக்கியது. எனினும் அதே மருந்தை 1960களில் ஜெருசலேமில் ஷெஸ்கின் என்னும் வைத்தியர் ஒரு தொழுநோயாளிக்குத் தூக்கத்திற்காகக் கொடுத்தபோது, நோயாளியின் புண்களும் ஆறக் கண்டார். 1998இல் தொழுநோயின் அவ்வகைச் சிக்கலுக்கு அமெரிக்கா அதனை அங்கீகரித்தது. கர்ப்பிணிகளுக்குச் சேராதவாறு கடுங்காவலும் விதித்தது.

இதனாலேயே அமெரிக்கச் சட்டம் வைத்தியரின் தீர்ப்பைத் தடுப்பதில்லை. அங்கீகாரம் பெறாத பயனைக் கூறிக் கம்பெனி விளம்பரம் செய்வதையே தடுக்கின்றது. வியாபாரக் குரலினின்று மருந்தைப் பிரித்தறிய வேண்டும் என்பதை இந்நாட்டில் வற்புறுத்தியவர், பேராதனை மருத்துவ பீடத்தை வளர்த்த பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் முயற்சியின் பயனாகும்.

வைத்தியர் ஆராய்ந்து எழுதுவது வேறு. அயலாருக்குச் சுகமளித்த மாத்திரையைச் சீட்டின்றி வாங்கி விழுங்குவது வேறு. விளக்கத்தாளில் நோயின் பெயர் இல்லையெனில் மருந்தை எறிந்துவிடவும் வேண்டாம். வாய்மூடி உட்கொள்ளவும் வேண்டாம். இம்மருந்து ஏன், எத்தனை நாள், என்ன தீங்கு நேரலாம் என்று வைத்தியரிடம் வினவுக. கர்ப்பிணியாயின் அதனை முதலிலேயே கூறுக. மருந்தாளரும் ஐயமுற்றால், கொடுக்குமுன் வைத்தியரைக் கேட்டுத் தெளிதல் வேண்டும்.