பழி கடலுக்கா?

(வடசென்னைத் தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற உரை)



உயிரில்லாததை உயிருள்ளதாகவும் பேசாததைப் பேசுவதாகவும் கூறும் வழக்கை நாம் பிறமொழியாரிடம் கடன் வாங்கவில்லை. வாராததை வந்ததாகவும் சொல்லாததைச் சொன்னதாகவும் கூறும் முறைக்குத் தொல்காப்பியர் எச்சவியலில் அன்றே இலக்கணம் வகுத்தார். மதுரை மதிலில் அசைந்த கொடிகளை, கோவலனை 'வாராதே' எனக் கைகாட்டி மறிப்பனவாக இளங்கோவடிகள் கண்டார். இது தற்குறிப்பேற்றம். கொடியை அசைத்தது காற்றே என்பதைப் பாவலரும் அறிவார், படிப்பவரும் அறிவார். ஆங்கே அழகு உண்டு, ஏமாற்றம் இல்லை.

அதே அணி செய்தித்தாளில் ஏறும்போது என்ன ஆகிறது? "கடல் சீறியது", "கடல் குடிசைகளை விழுங்கியது" என்று இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஆண்டுதோறும் படிக்கிறோம். கடல் சினந்ததாம்! ஏன் சினந்தது? கேட்பார் இல்லை.

நம் கரையோரத்தில் மணல் ஓராண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. அலை அரித்த மணலுக்கு ஈடாகத் தெற்கு மணல் வந்து சேரும். 1875இல் கால்கோள் செய்யப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அவ்வரவை மறித்தன. தெற்கே மெரினாவில் மணல் குவிந்து கரை அகன்றது. வடக்கே வரவின்றிச் செலவே மிஞ்சிக் கரை தேய்ந்தது. கருங்கல் கொட்டினர்; தூண்டில் வளைவு அமைத்தனர். கல் கொட்டிய இடம் நின்றது. அரிப்போ அதற்கு வடக்கே நகர்ந்தது. படகேற்றவும் வலை உலர்த்தவும் இருந்த மணற்பரப்பு சுருங்கியது.

2023 திசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அலையாத்தி மரங்களும் படகுகளும் வலைகளும் கறுத்தன. அதனையும் "எண்ணெய் புகுந்தது" என்றே எழுதினர். எண்ணெய்க்குக் காலுண்டோ? தானே நடந்து வந்ததோ?

தமிழன்பர்களே! தொடரைப் பிரித்து வினைமுதல் யாதெனக் கேட்பதே நம் இலக்கணக் கல்வியின் முதற்பாடம். செய்தவனை மறைத்துவிட்டு, வாயில்லாக் கடலை வினைமுதலாக்குவது அணியன்று, பழி மாற்றம். செய்தவன் பெயர் தொடரிலேயே இல்லையெனில், இழந்தவன் யாரிடம் போய் ஈடு கேட்பான்?

பாட்டில் கடலைத் தாயென்று பாடுங்கள், தடையில்லை. செய்தியிலும் முறையீட்டு மடலிலும் செய்தவரைச் சுட்டி எழுதுங்கள். தாயென்று வாழ்த்திய வாயே அவளைக் கொள்ளைக்காரி என்று தூற்றலாமா?