ஊடுகதிர் காட்டும் உட்பழுது

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளரிடையே ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



கும்மிடிப்பூண்டி என்றதும் உருக்காலைப் புகையும் இரும்புக் கம்பியுமே பலர்க்கும் நினைவுக்கு வரும். அது பழைய முகம். இப்பொழுது தேர்வாய்க் கண்டிகையில் உருளிப்பட்டைகள் உருவாகின்றன. மாநெல்லூரில் மின்னணுப் பொருளாக்கத்திற்கென ஒரு தொழில்தொகுதி திட்டமிடப்பெற்றுள்ளது. தெற்கே திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஆயினும் கைப்பேசித் தொழில் அங்கே ஓய்ந்துவிடவில்லை. 2023–24ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஏற்றுமதியான மின்னணுப் பொருள்களின் மதிப்பு ஏறத்தாழ 956 கோடி அமெரிக்கத் தாலர். இத்தொழிலின் உள்ளே இருக்கும் ஒரு நுட்பத்தை, அதனைக் கையாளும் மக்களின் மொழியிலேயே விளக்குவது கடமையாகின்றது.

கைப்பேசியின் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையில் சில்லுகள் பதிக்கப்பட்டுள்ளன. முற்காலச் சில்லுகளுக்குப் பக்கவாட்டில் கால்கள் இருந்தன. பற்றவைத்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது. இக்காலச் சில்லுகள் பலவற்றுக்குக் கால்களே இல்லை. அடிவயிற்றில் கடுகினும் சிறிய பற்றாசு உருண்டைகள் வரிசை வரிசையாக உள்ளன. சூட்டடுப்பில் அவை உருகிப் பலகையோடு ஒட்டியபின் எல்லாம் சில்லின் அடியில் மறைந்துவிடும்.

பற்றாசு என்னும் சொல்லைப் புதிதாகப் படைத்ததாக எவரும் எண்ணவேண்டா. பொற்கொல்லன் இரண்டு துண்டுகளை இணைக்க இடையே உருக்கி ஊற்றுவதன் பெயர் அது. யாப்பறிந்தோர் ஆசிடை வெண்பாவை அறிவர். அடிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே பற்றாசுபோல் ஓரிரண்டு அசை வந்து இணைப்பதனாலேயே அதற்கு அப்பெயர். பட்டறையிலும் பாட்டிலும் வழங்கிய சொல், கைப்பேசி ஆலைக்குள் மட்டும் நுழையக் கூசுவானேன்?

மறைந்த இணைப்பு நன்றாக உள்ளதா என்று எப்படி அறிவது? பொன்னை உரைகல்லில் தேய்த்தால் மாற்றுத் தெரியும். சிறிது பொன்னும் போகும். பலகையையும் அவ்வாறே அறுத்து, மெருகிட்டு, நுண்ணோக்கியில் காண்பதுண்டு. அறுத்த பலகையை விற்கவியலாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். ஒரு பலகையின் நலம் அடுத்த பலகைக்குச் சான்றாகாது. ஆகவேதான் அறுக்காமலும் பிரிக்காமலும் உள்ளே காணும் ஊடுகதிர் வேண்டப்பட்டது.

செருமானியப் பேராசிரியர் இராண்ட்கன் 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இக்கதிரைக் கண்டார். அடுத்த திங்கள் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன. கதிரின் இயல்பு விளங்காமையால், கணக்கில் அறியப்படாத எண்ணுக்கு இடும் ‘எக்சு’ என்னும் எழுத்தையே பெயராக இட்டார். பின்னர் இயல்பு விளங்கிற்று. பெயர் மட்டும் அறியாக் கதிராகவே நின்றுவிட்டது. செருமானியர் கண்டவர் பெயரால் இராண்ட்கன் கதிர் என்கின்றனர். ஊடுகதிர் என்னும் தமிழ்ப்பெயரோ அதன் செயலையே சொல்லுகிறது.

வெள்ளீயம், வெள்ளி, ஈயம் ஆகிய மாழைகள் இக்கதிரை மிகுதியாகத் தடுக்கின்றன. சில்லின் மண்மமும் ஞெகிழியும் விட்டுவிடுகின்றன. எனவே பற்றாசு உருண்டைகள் கருநிழலாகத் திரையில் விழும். விளக்கின் அருகே கையை நீட்டினால் சுவரில் நிழல் பெருகுமன்றோ? அதே முறைதான். ஆனால் சுடர் பெரிதாயின் நிழலின் ஓரம் மங்கும். அதனால் கதிர் புறப்படும் இடம் மாந்த மயிரிழையினும் மெல்லிய புள்ளியாக, ஒரு சில மைக்ரோமீட்டர் அளவே இருக்குமாறு குழல் அமைக்கப்படுகிறது.

திரையை நோக்கும் தொழிலாளி எதைக் காணவேண்டும்? கருவட்டத்துள் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்ளே காற்றுப்புழை. உருண்டையின் நிழற்பரப்பில் 25 விழுக்காடு வரையே புழை இருக்கலாம் என்று பன்னாட்டு வரையறை முன்பு கூறியது; பின்னர் 30 எனத் தளர்த்தியது. இரண்டு வட்டங்கள் ஒட்டிக் கிடந்தால் குறுக்கிணைப்பு. மிகவும் ஏமாற்றும் பழுது ஒன்றுண்டு. உருண்டை கீழிருக்கும் பற்றாசின்மேல் அமர்ந்திருக்கும், உருகிக் கலந்திராது. ஆங்கிலேயர் தலையணையில் தலை என்று இதனை வேடிக்கையாக அழைப்பர். ஒட்டா உறவு எனத் தமிழில் சொன்னால் எவர்க்கும் விளங்கும். நேர்மேலிருந்து நோக்கினால் இதன் வட்டம் குறையின்றித் தோன்றும். சாய்த்துப் பார்த்தாலன்றிப் பிடிபடாது. மயிரிழை வெடிப்போ சாய்த்தாலும் சில வேளை தப்பிவிடும். ஆதலின் கருவி ‘சரி’ என்றதும் பொத்தானை அழுத்துவது ஆய்வாகாது. பழுது எப்படி உண்டாகிறது என்று விளங்கியவரே சாய்த்துப் பார்ப்பர்.

இதனினும் மேம்பட்டது, பொருளைச் சுழற்றி நூற்றுக்கணக்கான நிழற்படங்கள் எடுத்து, கணிப்பொறியால் உள்ளுருவை வெட்டு வெட்டாகக் கட்டியெழுப்பும் முறை. மருத்துவத்தில் அவுன்சுபீல்டு 1971இல் முதல் நோயாளியின் தலையை இவ்வாறு கண்டார். அதே ஆண்டில், நிழல்களிலிருந்து உருவை விரைந்து மீட்கும் கணக்குமுறை ஒன்றைக் கோ. நா. இராமச்சந்திரனும் இலக்குமிநாராயணனும் வெளியிட்டனர். இராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை வளர்த்து, ஊடுகதிரால் கொலாசன் என்னும் புரதத்தின் முப்புரி வடிவை ஆய்ந்துரைத்தவர். இருவர் பெயரையும் சுருக்கி ‘இராம்–இலாக்’ வடிப்பி என்று உலகத்துக் கருவிகளில் இன்றும் அம்முறை வழங்குகிறது. கருவியை இயக்கும் தமிழிளைஞர் எத்துணைப்பேர்க்கு இச்செய்தி சொல்லப்பட்டுள்ளது?

2017இல் சுவிட்சர்லாந்தின் பால் செர்ரர் நிறுவனத்தார் கணிப்பொறிச் சில்லு ஒன்றின் உட்கம்பிகளை 14.6 நானோமீட்டர் நுண்மையில் முப்பரிமாணமாகக் காட்டினர். அதற்கு மாபெரும் முடுக்கி வேண்டும், ஆலைக்குள் அடங்காது.

ஊறு செய்யாத ஆய்வு என்பதற்கும் ஓர் எல்லையுண்டு. மிகுதியான கதிர் நினைவுச் சில்லுகளில் பதிந்ததைக் கலைக்கக்கூடும். மெல்லிய துத்தநாகத் தகட்டை இடையே வைத்து அதனைக் குறைப்பர். மாந்த உடலுக்கோ காப்பு இன்னும் மிகுதியாக வேண்டும். எடிசனின் உதவியாளர் கிளாரன்சு தாலி இக்கதிரில் பல ஆண்டு கைவைத்து உழன்று, கைகளை இழந்து, 1904இல் இறந்தார். எடிசன் அவ்வாய்வையே கைவிட்டார். இக்காலக் கருவிகள் ஈயம் பொதிந்த பெட்டிக்குள் உள்ளன. கதவு திறந்தால் கதிர் தானே அறும். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டு என்றும், கதிர்ப்பணியாளர்க்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 என்றும் இந்தியாவில் வரம்பு உள்ளது.

அக்கதவுப்பூட்டைக் கம்பியிட்டு ஏய்க்கலாகாது என்னும் எச்சரிக்கை, கருவியின்மேல் எந்த மொழியில் எழுதப்பட்டுள்ளது? நாளை ஆலைக்குச் செல்வோர் பார்த்துவருக. ஆங்கிலத்தில் மட்டும் இருப்பின், தமிழிலும் எழுதித் தருமாறு மேலாளரிடம் கேளுங்கள். அருகில் நின்று உழைக்கும் ஒடியத் தொழிலாளிக்கு ஒடியாவிலும், பீகார்த் தொழிலாளிக்கு இந்தியிலும் சேர்த்தே கேளுங்கள்.