ஒரு பத்திரிகைத் துண்டின் விலை

(எமது சங்கத்தின் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஏ.எல். வரை படித்துவிட்டு இங்கே தொழிற்சாலையில் மெஷினோடு நிற்கிறவன். கொல்லப்பட்ட எங்கட பத்திரிகையாளர்களைப் பற்றிப் பேச வேண்டுமென்று நானாகத்தான் செயலாளர் அண்ணனிடம் கேட்டேன். நல்ல நாளும் அதுவுமாய் இதென்ன கதை என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

எங்களில் அநேகம் பேர் அகதி விசாரணைக்குப் போய் வந்தவர்கள். அங்கே என்ன கேட்டார்கள்? "ஆதாரம் இருக்கா?" நாங்கள் கொடுத்தது, ஊரிலிருந்து அம்மாவோ அக்காவோ வெட்டி அனுப்பின பேப்பர் துண்டு. இன்ன திகதி, இன்ன ஊரில் ஷெல் விழுந்தது, இன்னாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அதில் நாலு வரி இருக்கும். அந்த நாலு வரிக்காக ஒருவர் அந்த இடத்துக்குப் போய் விசாரித்திருப்பார்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன், 'சுடர் ஒளி' நிருபர். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுகிர்தராஜன் உடல்களைப் படமெடுத்தார். காயங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பது படத்தில் தெரிந்தது. பேப்பரில் வந்தது. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள். விடியப்புறம் பஸ்ஸுக்கு நிற்கிற எங்களுக்கு அது விளங்கும்.

2000 ஒக்டோபர் 19 இரவு, யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன். பி.பி.சி.க்கும் 'வீரகேசரி'க்கும் செய்தி கொடுத்தவர். அந்த மாதத் தேர்தலில் நடந்த மோசடிகளை வெளியே கொண்டுவந்தவர். வீட்டில் இருந்தவரை ஜன்னலுக்குள்ளால் சுட்டார்கள். அது ஊரடங்கு நேரம். சனம் வெளிக்கிட ஏலாது, சுட்டவர்கள் மட்டும் வந்து போனார்கள்.

2004 மே 31இல் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன். 2005 ஏப்ரலில் கொழும்பில் தர்மரத்தினம் சிவராம். 2006 மே 2இல் யாழ்ப்பாணம் 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். அடுத்த நாள் உலக பத்திரிகைச் சுதந்திர தினம். 2009 ஜனவரி 8இல் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க. அவர் சிங்களவர். எழுதுகிறவன் எந்த இனம் என்று பார்த்து அவர்கள் சுடவில்லை.

மாணவர்கள் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். போதிய சாட்சியம் இல்லையாம். ஆனால் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் இருக்கின்றன.

ஆகவே என்னுடைய வேண்டுகோள் இதுதான். விசா கிடைத்துவிட்டது, இனி என்னத்துக்கு என்று அந்தப் பழைய பைல்களை எறிந்து போடாதேங்கோ. பேப்பர் துண்டின் பின்பக்கத்தில் பத்திரிகையின் பெயர், திகதி, ஊர் மூன்றையும் எழுதி வையுங்கோ. நிருபரின் பெயர் இருந்தால் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கோ. சங்கத்தில் ஒரு பெட்டி வைத்தால் எல்லோருடையதையும் பிரதி எடுத்துச் சேர்க்கலாம். அந்த வேலையைச் சனிக்கிழமைகளில் நான் செய்து தருகிறேன்.