பத்தாமவர்



யூதர்தம் ஒற்றுமையைக் கேள்வியுறும் நாம், அவர் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் என்று எண்ணிவிடலாகாது. நம் பாரத நாட்டிலேயே கொச்சி யூதர் மலையாளம் பேசினர். கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேலர் மராத்தி பேசினர். பாக்தாது யூதர் அரபு மொழியோடு வந்தனர். ஆயினும் மூவர்க்கும் தோரா என்னும் மறை ஒன்றே. வார ஓய்வு நாளும் ஒன்றே.

அவர்தம் பழைய வழக்கப்படி, கூட்டு வழிபாட்டை முறையாக நடத்தப் பத்து ஆடவர் வேண்டும். ஒன்பது பேரறிஞர் கூடினும் போதாது. பத்தாமவர் எளியவரேயாயினும் அவர் வந்தே தீரவேண்டும். தால்முத் நூலில் ஹில்லேல் மரபினர் கருத்தே பெரும்பாலும் சட்டமாயிற்று. எனினும் ஷம்மாய் மரபினரின் மறுப்புரை அழிக்கப்படவில்லை. ஒவ்வொருவரையும் மதித்து எழுந்த ஒற்றுமை அது.

அந்நெறி வழுவியதும் உண்டு. 1568-இல் எழுந்த கொச்சிப் பரதேசி ஜெபாலயத்தில், அடிமை வழிவந்தோர் எனப்பட்ட யூதர்கள் புறக்கூடத்தில் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சாலேம் (1882–1967) காந்தியடிகள் வழியில் அறப்போர் தொடுத்தார். சமூகத்தை விட்டு விலகினாரில்லை. உள்ளிருந்தே உரிமை கேட்டார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன.

ஒற்றுமை என்று நாம் முழங்கும்போதெல்லாம், புறக்கூடத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக.