வேன் பிடிக்காமல் ராமேஸ்வரம்

குச்சனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ராமேஸ்வரம் போகலாம் என்று பேச்செடுத்தால், அடுத்த பேச்சு வேன்தான். யாருடைய வண்டி, டீசலுக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். வண்டி நிறைய ஆள் சேராவிட்டால் பயணம் அடுத்த அமாவாசைக்குத் தள்ளிப்போகும். பெற்றவர்களுக்குத் திதி கொடுக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருஷங்களைக் கடத்திவிட்ட பெரியவர்கள் நம் கம்பம் பள்ளத்தாக்கில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன். சொந்த வண்டியும் வேண்டாம், வாடகை வண்டியும் வேண்டாம். பஸ்ஸும் ரயிலும் போதும். அந்த ஊரை முழுதாகப் பார்க்க அதுதான் நல்ல வழி என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். குச்சனூரிலிருந்து பஸ்ஸில் சின்னமனூர், அங்கிருந்து தேனி. தேனியில் இரண்டு வழி. மதுரை பஸ்ஸில் ஏறினால் ஆரப்பாளையத்தில் இறக்கிவிடுவார்கள். ராமேஸ்வரம் பஸ் புறப்படுவதோ மாட்டுத்தாவணியில். மூட்டையோடு ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு டவுன் பஸ் மாற வேண்டும். வயதானவர்கள் களைத்துப்போவது அந்த இடத்தில்தான்.

இன்னொரு வழி, போடி ரயில். 1928-இல் மீட்டர்கேஜ் பாதையாக வந்த ரயில் அது. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். பன்னிரண்டு ஆண்டு போல நமக்கு ரயில் சத்தமே இல்லை. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் மறுபடி வந்தது. அந்த வண்டி காலையில் மதுரையிலிருந்து வந்து, மாலையில் திரும்பிப் போகிறது. மாலை தேனியில் ஏறினால், ஆண்டிபட்டிக் கணவாயும் உசிலம்பட்டியும் கடந்து இரவு எட்டு மணி வாக்கில் மதுரை ஜங்ஷன். ராமேஸ்வரம் பாசஞ்சரும் அதே ஜங்ஷனிலிருந்துதான் புறப்படுகிறது. இரவு மதுரையில் தங்கிவிட்டுக் காலை வண்டியைப் பிடிக்கலாம். நேரம் அவ்வப்போது மாறும். புறப்படும் முன் ஸ்டேஷனில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரையைத் தாண்டியதும் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று வைகைப் போக்கிலேயே ரயில் போகிறது. நம் குச்சனூர் சனீஸ்வரர் கோயில் வாசலில் சுரபி நதியாக ஓடும் தண்ணீர் சுருளியும் முல்லைப் பெரியாறும் தந்தது. 1895-இல் பெரியாற்றைக் கிழக்கே திருப்பிய பிறகு அந்தத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையில் சேர்ந்து, மிச்சம் இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் போகிறது. ஆக நீங்கள் உட்கார்ந்து போவது உங்கள் வயல் தண்ணீர் போகும் திசையில்தான். பரமக்குடிக்குப் பிறகு நெல் குறைந்து கருவேலம் கூடுவதை ஜன்னல் வழியே பார்க்கும்போது, கடைமடை என்றால் என்ன என்று தலைமடைக்காரர்களுக்குப் புரியும். ராத்திரி வேனில் தூங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு இது தெரியாது.

மண்டபம் வந்ததும் ஜன்னலோரம் உட்காருங்கள். பாம்பன் பாலம். முதல் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது, நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதன் பலத்தில்தான் சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரைக்கும் போக முடிந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடி ரயில். இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன தமிழர்களை மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்துத்தான் அனுப்பினார்கள். அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தார்கள். கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளம், அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். பக்கத்தில் இருக்கிற சாலைப் பாலம் 1988-இல் வந்தது. அதில் கார்காரர்கள் நடுவழியில் வண்டியை நிறுத்திக் கடலைப் படம் எடுப்பதால், பின்னால் வருகிற பஸ்ஸும் ஆம்புலன்ஸும் தவிக்கின்றன. ரயிலில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் கடல், காலுக்குக் கீழேயும் கடல்.

ராமேஸ்வரத்துக்குப் போகும் பாதையே நடந்து வந்தவர்களுக்காக உண்டானது. சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராட்டியரும் வழிநெடுகச் சத்திரம் கட்டி வைத்தார்கள். அதனால்தான் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் நடையின் அளவில் இருக்கின்றன. அதற்குள் காரைக் கொண்டுவந்தால் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். ரயிலடியிலிருந்து ஆட்டோவில் போகலாம், கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். கை வீசி நடக்கிறவர்கள் நடந்தே போய்விடலாம்.

ஒரு ராத்திரி தங்குங்கள், கோயிலுக்குப் பக்கத்திலேயே. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். வேனில் போகிறவர்கள் உத்தரகோசமங்கை, தேவிபட்டினம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி எல்லாவற்றையும் ஒரே பகலில் முடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். முடிப்பதற்கா அங்கே போவது? விடியுமுன் ஐந்து மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம். பக்கத்தில் தங்கினால்தான் அந்த நேரத்துக்கு நடந்து போய் நிற்க முடியும். பிறகு அக்னி தீர்த்தம், உள்ளே இருபத்திரண்டு தீர்த்தம். ஈரத்துணியோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள். மாற்றுத்துணி வைக்க வண்டி இல்லையே என்ற கவலையும் பக்கத்தில் அறை இருந்தால் போய்விடும். வெயில் ஏறிய பிறகு மூன்றாம் பிரகாரத்தைச் சுற்றி வாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் சேதுபதிகள் காலத்தில் முடித்த வேலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள்.

மத்தியானம் தனுஷ்கோடிக்கு அரசு பஸ் இருக்கிறது. இடிந்த தேவாலயம் தெரியும் இடத்திலேயே முதலில் இறங்குங்கள். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டியைப் புயல் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள், ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் பொறுப்பில். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பி வரவில்லை. அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப்போர் நாளில், ராமேஸ்வரத்தில் நிற்காமல் இந்தத் தனுஷ்கோடிக்குப் போகும் வண்டியிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்ட பையன்தான் அப்துல் கலாம். 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் சாலை போட்டார்கள். அங்கே போய்க் கடலைப் பார்த்துவிட்டு, பொழுது சாயும் முன் திரும்பும் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். இருட்டிய பிறகு அங்கே இருக்க அனுமதி இல்லை.

திரும்பும்போது ராமேஸ்வரத்தில் மாலை ரயில் ஏறினால் இரவு மதுரை. ஆரப்பாளையத்தில் அந்த நேரத்திலும் கம்பம் பஸ் கிடைக்கும். உடம்புக்கு முடியாதவர்கள் ஜங்ஷன் பக்கமே தங்கிவிட்டு, காலை போடி ரயிலில் வந்து தேனியில் இறங்குங்கள். சின்னமனூர் போய், குச்சனூர் பஸ்ஸுக்குக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும். அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸாக இருந்தால், 2021-இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவையும் அத்தையையும் கூட்டிப்போக இன்னும் வேனுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்காதீர்கள். வருகிற அமாவாசைக்கே கிளம்புங்கள்.