பூநாரையும் வாழ்த்து அட்டையும்
(விழா மேடையில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



தசலட்சணப் பருவம் நிறைவுற்றதும் சமண இல்லங்களிலிருந்து உறவினர்க்கும் நண்பர்க்கும் மன்னிப்பு வேண்டும் அட்டைகள் செல்வது வழக்கம். அறிந்தும் அறியாமலும் இழைத்த பிழைகளைப் பொறுத்தருள்க என்னும் இரண்டு வரிகள். அவற்றின் மேலே ஒரு படம். கைப்பேசிச் செய்தி வந்தபின் அட்டைகள் குறைந்தன என்பது உண்மையே. எனினும் மூத்தோர் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் ஆண்டு முழுதும் நிற்பது அட்டைதான். கடையில் வாங்காமல், தாமே எடுத்த இயற்கைக் காட்சியை அச்சிட்டு அனுப்பும் இளைஞரும் உள்ளனர். இவ்வுரை அவர்களை முன்னிட்டது.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்து கிடப்பது. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் திரளும். ஆழங்குறைந்த நீரில் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் செலுத்தி, சிற்றுயிர்களையும் பாசியையும் வடிகட்டி உண்ணும். அவற்றின் இளஞ்சிவப்பு நிறமும் அவ்வுணவினால் வருவதே.

நிற்கும் பூநாரை தொலைவில் வெண்மையாகத் தோன்றும். சிறகின் செம்மையும் கருமையும் அது பறக்கும்போதுதான் முழுமையாகப் புலப்படும். இடர் இங்கேதான் தொடங்குகிறது. அந்த ஒரு காட்சிக்காகப் படகை விரைந்து செலுத்துவோரும், கைதட்டிக் கூச்சலிடுவோரும், ட்ரோனை மேலே அனுப்புவோரும் உண்டு. பூநாரை நின்ற இடத்திலிருந்து எழுவதில்லை; நீர்மேல் சில அடிகள் ஓடியே எழும். ஒருமுறை வெருட்டினால் மேய்ச்சல் தடைப்படும்; செலவான ஆற்றலை மறுபடியும் சேற்றில்தான் தேட வேண்டும். அவ்வாறு எடுத்த படத்தின் கீழ், எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டும் வாசகத்தை அச்சிடுவது எங்ஙனம் பொருந்தும்?

வேறு வழி இல்லாமல் இல்லை. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை ஏரியின் ஊடே போகிறது. நடந்து வரும் மனிதரைக் கண்டு விலகும் பறவைகள், ஓரமாக நிற்கும் வண்டியை அவ்வளவு அஞ்சுவதில்லை. விடியலில் வண்டிக்குள் அமர்ந்து காத்திருந்தால் அவை தாமாக எழும் வேளையும் வரும். வராமலும் போகலாம், அன்றைக்கு நிற்கும் பறவையே அட்டைக்குப் போதும். 1970இல் பத்மஸ்ரீ பெற்ற மா. கிருஷ்ணன் கானுயிர்களைக் கருப்பு வெள்ளையிலேயே படம்பிடித்தார். அப்படங்களில் வண்ணம் இல்லாதது ஒரு குறையாகவே தோன்றுவதில்லை.

ஏரிக்கரை மீனவச் சிற்றூர்களில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலை விரிப்பது என்பதை ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. படமெடுக்கச் செல்லும் படகு வலையைக் குலைத்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய முறையே வீணாகும். மீன்பிடித் தொழிலைக் குறித்துச் சமணர் உள்ளத்தில் உள்ள தயக்கம் வெளிப்படை. ஆயினும் கரையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் முகத்தை அவரைக் கேளாமல் அட்டையில் ஏற்றுவது கள்ளாமை என்னும் விரதத்திற்கு ஒத்ததன்று. கேட்டு, இசைந்தால் எடுத்து, அச்சான அட்டையில் ஒரு படியை அவருக்கும் கொடுப்பதே முறை.

இனி அச்சு வேலை. ஆறு அங்குலம், நான்கு அங்குலம் அளவுள்ள படம் தெளிவாக அமைய 1800க்கு 1200 புள்ளிகள் வேண்டும். இன்றைய கைப்பேசிப் படத்தில் அதற்கு மேலேயே உண்டு. ஆனால் தொலைவிலுள்ள பறவையைப் பெரிதாக வெட்டி எடுத்தால் அவ்வளவு எஞ்சாது. ஆகவே பறவையைச் சிறிதாகவும், வானத்தையும் நீரையும் பெரிதாகவும் விடுவதே நலம். வாசகத்திற்கும் இடம் கிடைக்கும். திரையில் ஒளிரும் இளஞ்சிவப்பு தாளில் மங்கும். எனவே ஒரு படியை முதலில் அச்சிட்டுப் பார்த்தபின் மற்றவற்றிற்குச் சொல்லலாம். தடித்த அட்டையை மடிக்குமுன் கோடு அழுத்தச் சொல்ல வேண்டும். இல்லையேல் மடிப்பில் மை வெடிக்கும்.

அட்டையின் பின்புறத்தில் எடுத்தவர் பெயர் இல்லாவிடினும் குற்றமில்லை. இடமும் மாதமும், ‘சாலையோரத்திலிருந்து எடுத்தது’ என்னும் குறிப்பும் இருக்கட்டும்.