நடை என்னும் செல்வம்
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மேடையிலே ஆன்மாவைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறீர்கள். நான் இன்று உடம்பைப் பற்றி, அதிலும் ஒரேயொரு மூட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் வைத்தியன் அல்லன்; விஞ்ஞானம் பயிலும் மாணவன். படித்ததை நம்மவரிடம் எடுத்துச் சொல்வது என் கடமை என்றே நிற்கிறேன்.

நொண்டி நடப்பவரின் துயரம் மனிதகுலம் நெடுநாள் அறிந்த துயரம். ரிக் வேதத்திலே போரில் கால் இழந்த விஸ்பலை என்பவளுக்கு அசுவினி தேவர்கள் இரும்புக் கால் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. நான் படித்த மிஷன் பாடசாலையிலே, தொடைச் சந்து பிசகி நொண்டி நடந்த யாக்கோபின் கதையைச் சொன்னார்கள். இவை சத்திர சிகிச்சைக்குச் சான்று என்று வாதாட நான் வரவில்லை. இழந்த நடையைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஆசை பழையது; அதை நிறைவேற்றிய அறிவோ புதியது. அவ்வளவே சொல்ல வந்தேன்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "இடுப்பு வலிக்குது" என்று நம் தாய்மார் சொன்னால் அது பெரும்பாலும் நடு முதுகின் கீழ்ப்புறத்து வலிதான். நான் சொல்லும் மூட்டு வேறு. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் பொருந்திச் சுழலும் இடம் அது. உருண்டையையும் கிண்ணத்தையும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அது தேய்ந்து போனால் எலும்போடு எலும்பு உரசும். அந்த நோவு கவட்டியிலும் முன்தொடையிலும் தோன்றும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். முழங்காலுக்கே தைலம் தேய்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருப்போரும் உண்டு. அடையாளங்கள் எளியவை: சம்மணமிட முடியாமை, குந்தி எழ முடியாமை, கால்விரல் நகத்தை வெட்டக் குனிய முடியாமை, காலையில் எழுந்து முதற் சில அடிகள் வைக்கும்போது விறைப்பு.

இது யாருக்கு வருகிறது? 1992ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, பத்தாண்டுகளுக்கு மேல் பண்ணை வேலை செய்த ஆண்களிடையே இந்த நோய் மற்றையோரிலும் பன்மடங்கு மிகுதி என்று கண்டது. பாரம் தூக்கும் உழைப்பு மூட்டைத் தின்கிறது என்பது அதன் சாரம். மறுபுறத்தில், ஆசிய மக்களிடையே இடுப்பு மூட்டு தானாகத் தேய்வது வெள்ளையரைக் காட்டிலும் குறைவு என்றும், நம்மிடையே முழங்கால் தேய்வே மிகுதி என்றும் ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். நம் பக்கத்தில் இடுப்பு மூட்டு கெடுவதற்கு வேறு வாசல்கள் உண்டு: கவனியாது விட்ட எலும்பு முறிவு, உருண்டைத் தலைக்கு இரத்தம் செல்லாமல் அது செத்துப்போதல், பிறவியிலேயே விலகிய மூட்டு, காசநோய்.

இவற்றுள் எலும்பு முறிவை நாம் சிறப்பாக எண்ண வேண்டும். மடுல்சீமையிலும் லுணுகலையிலும் நமுனுகலைச் சரிவிலும் நம் தாய்மார் பதினெட்டு இருபது கிலோ கொழுந்தைச் சுமந்து, மழையில் வழுக்கும் படிகளில் இறங்குகிறார்கள். வயதான பின் எலும்பு மெலிகிறது. லயத்து வாசலில் ஒரு சறுக்கல் போதும், தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிடும். உருண்டைத் தலைக்கு இரத்தம் போகும் வழி அந்தக் கழுத்தின் ஓரமாகவே செல்கிறது. அது அறுந்தால் தலை பட்டுப்போகும். "உளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும்" என்று சொல்லிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பாட்டியின் நடையைப் பறிக்கிறது.

இனி, இதற்கு மனிதன் கண்ட பரிகாரத்தைச் சொல்கிறேன். 1891ல் பேர்லினில் குளுக் என்ற வைத்தியர் யானைத் தந்தத்தால் மூட்டுச் செய்து பொருத்தினார். கிருமி புகுந்து அவருடைய முயற்சிகள் கெட்டன. பின்னர் கண்ணாடியையும் உருக்கையும் பலர் முயன்றனர். வெற்றியின் வாசலைத் திறந்தவர் ஜோன் சார்ன்லி என்ற ஆங்கிலேயர். லங்காஷயரிலே, ஒருகாலத்தில் காசநோயாளருக்காக நடந்த றைற்றிங்டன் ஆஸ்பத்திரியில் அவர் வேலை செய்தார். உருண்டை சிறிதாக இருந்தால் உராய்வும் குறையும் என்று கணக்கிட்டார். பல் கட்டுவோர் கையாளும் அக்ரிலிக் பசையால் உலோகத் தண்டைத் தொடை எலும்புக்குள் நிறுத்தினார். கிண்ணத்துக்கு டெப்லோன் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்கை எடுத்தார். 1958 முதல் ஏறத்தாழ 300 நோயாளருக்கு அதைப் பொருத்தினார். வலியோடு வந்தவர்கள் நடந்து போனார்கள். ஊரெல்லாம் புகழ்ந்தது.

ஆனால் சில ஆண்டுகளிலே டெப்லோன் தேய்ந்தது. அதன் துகள் மூட்டைச் சுற்றியிருந்த எலும்பை அரித்தது. சார்ன்லி அதை மறைக்கவில்லை. டெப்லோன் துணுக்கைத் தம் சொந்தத் தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்துப் பார்த்தார். உடல் அதை ஏற்கவில்லை என்று அறிந்தார். நோயாளரைத் திரும்ப அழைத்துத் தம் கையாலேயே மறு சிகிச்சை செய்தார். 1962 மே மாதம் ஒரு விற்பனையாளர் பொலித்தீன் இனத்தைச் சேர்ந்த கடினமான பிளாஸ்டிக் ஒன்றைக் கொண்டு வந்தார். சார்ன்லி அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. அவருடைய பட்டறையில் வேலை செய்த ஹரி கிரேவன் என்ற தொழில்நுணுக்கர், தலைவர் ஊரில் இல்லாத வேளையில் அதை உராய்வு யந்திரத்தில் பூட்டி ஓட்டிப் பார்த்தார். வாரக்கணக்கில் ஓடியும் அது தேய்ந்தது மிக அற்பம். அந்தப் பட்டறைத் தொழிலாளியின் பொறுமையால் 1962 நவம்பரில் புதிய மூட்டு பிறந்தது. இன்றும் உலகமெங்கும் நடக்கும் சிகிச்சைக்கு அதுவே அடித்தளம்.

அதன் பின்னும் சார்ன்லி அவசரப்படவில்லை. தம்மிடம் வந்து பயின்றவர்க்கன்றி மற்றவர்க்கு அந்த மூட்டை விற்கலாகாது என்று பல வருஷம் தடுத்து வைத்தார். இறந்த பின் மூட்டைத் திருப்பித் தருமாறு நோயாளரிடம் சம்மதம் பெற்று, உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தார்.

இது சீமைக் கதை என்று நினைக்க வேண்டாம். நமக்கு அண்டை நாடாகிய பர்மாவில், மண்டலாய் ஆஸ்பத்திரியில், சான் பா என்ற வைத்தியர் இருந்தார். உலோக மூட்டு அங்கே கிடைத்தற்கரியது, விலையும் அதிகம். யானைத் தந்தமோ அங்கு கிடைத்தது. 1960ல் 83 வயதான ஒரு பௌத்த பிக்குணிக்கு, ஒட்டாமல் போன தொடைக்கழுத்து முறிவுக்காக, தந்தத்தாலான உருண்டைத் தலையை அவர் பொருத்தினார். பின்வந்த ஆண்டுகளில் முந்நூறுக்கு மேற்பட்டோருக்கு அவ்வாறு செய்தார். அவர் தம் நோயாளரைப் பின்தொடர்ந்து, குந்த முடிகிறதா, சைக்கிள் ஓட்ட முடிகிறதா என்றெல்லாம் குறித்து, 1969ல் இங்கிலாந்தின் சத்திர வைத்தியர் சபையில் எடுத்துரைத்தார். யானையைக் கொல்வது இன்று நமக்குச் சம்மதமன்று. ஆயினும் கையில் உள்ளதைக் கொண்டு ஏழைக்கு நடை கொடுத்த மனமும், முடிவை ஒழுங்காக எழுதி வைத்த நேர்மையும் நமக்குப் பாடமாகும்.

சகோதரர்களே, நான் சொல்ல வந்தது இந்த எழுதி வைத்தலைப் பற்றியே. சுவீடன் தேசம் 1979 முதல் தன் நாட்டில் மாற்றப்படும் இடுப்பு மூட்டுகளைப் பதிவேட்டில் குறித்து வருகிறது. அத்தகைய பதிவேடுகள் இருந்தபடியால் தான், உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு வகை மூட்டு கெடுகிறது என்று தெரிந்து, 2010ல் அது சந்தையிலிருந்து மீட்கப்பட்டது. மாற்றிய மூட்டுகளில் ஏறத்தாழ 58 சதவீதம் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என்று 2019ல் கணக்கிட முடிந்ததும் அவற்றால் தான். 2024ல் வெளியான டென்மார்க் ஆராய்ச்சி, கடுமையாக மூட்டுத் தேய்ந்த 109 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சத்திர சிகிச்சையும் மறு பிரிவுக்குத் தசைப் பயிற்சியும் அளித்தது. ஆறு மாதத்தில் 48 புள்ளி அளவுகோலில் முதற் பிரிவினர் ஏறத்தாழ 16 புள்ளியும், பயிற்சிப் பிரிவினர் நாலரைப் புள்ளியும் முன்னேறினர். ஆகவே முற்றிய நோய்க்குக் கத்தியே பெரிய துணை. பயிற்சியும் வீண் அன்று.

நோய் முற்றாதவருக்கு உடல் எடையைக் குறைத்தல், தசையை வலுப்படுத்துதல், நோகும் பக்கத்துக்கு எதிர்க்கையில் ஊன்றுகோல் பிடித்தல் ஆகியன போதியவை. பலர் கோலை நோகும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். அதை மாற்றினாலே பாரம் குறையும்.

நம் பெரியோர் "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அது பொறுமை அல்ல. போக வழியில்லாதவரின் சமாதானம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் தான். ஆனால் தோட்டத்திலிருந்து பதுளைக்கு வர ஒரு நாட் சம்பளம் போகிறது. முச்சக்கர வண்டிக்குக் காசு வேண்டும். துணைக்கு வருபவரின் சம்பளமும் போகிறது. இலவசம் என்ற சொல்லுக்கும் லயத்து வாசலுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தூரத்தை நாம் அல்லவா கடக்க வேண்டும்?

ஆகையால் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று: முதியவர் விழுந்து, காலை ஊன்ற முடியாமலோ கால் குட்டையாகித் திரும்பியோ கிடந்தால், நீவாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல அங்கத்தவர் முறை போட்டு ஆயத்தமாக இருக்க வேண்டும். இரண்டு: கிளினிக் நாளில் துணைக்குப் போக ஆள் வேண்டும், வைத்தியர் சொல்வதைத் தமிழில் விளக்கிச் சொல்லவும் ஆள் வேண்டும். மூன்று: ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கொப்பி. குந்த முடியாதவர் எத்தனை பேர், எத்தனை வருஷம் கொழுந்து எடுத்தவர், எப்போது விழுந்தார், ஆஸ்பத்திரிக்குப் போனாரா, ஆறு மாதம் கழித்து எப்படி நடக்கிறார் என்பவற்றை, அவரவர் சம்மதத்தோடு, பெயரை வெளியிடாமல் எழுத வேண்டும். ஆங்கிலப் பண்ணை ஆண்களின் கணக்கு நம் மலைப் பெண்களின் கணக்காகாது. நம் கணக்கை நாமே எழுதினால், நாளை ஒரு வைத்தியரோ ஓர் அதிகாரியோ கேட்கும்போது, பெருமூச்சுக்குப் பதிலாக இலக்கத்தைக் காட்டலாம்.

கிரேவன் என்ற தொழிலாளி யந்திரத்தின் பக்கத்தில் நின்று தேய்மானத்தை அளந்தான். நம் தாய்மாரின் தேய்மானத்தை அளக்கவேனும் நாம் பக்கத்தில் நிற்போமாக.